புது காரை ஓட்டக் கையேடு படித்துத்தான் ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் புது கார் எடுத்தவர்களுக்கு, அவர்கள் வண்டியிலேயே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பல வருடம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருந்தேன். அங்கே வந்த கேள்விகள் கிளட்ச் பற்றியும் எட்டு போடுவது பற்றியும்தான். இப்போது என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓட்ட நன்றாகவே தெரியும். வாங்கிய வண்டியைத்தான் தெரியாது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். 'மேனுவல்' என்றால் நம் ஊரில் கியர் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் புத்தகத்தைக் கையேடு என்றே சொல்கிறேன்.

கையேடு படிக்காமல் புது காரை ஓட்டலாமா, கூடாதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஓட்ட முடிய வேண்டும். கிளப்புவது, நிறுத்துவது, கியர் போடுவது, விளக்கு, வைப்பர், ஹாரன், கண்ணாடி மங்கினால் தெளிய வைப்பது, இவற்றுக்கு ஒருவர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தால் தப்பு வண்டியை வடிவமைத்தவர் பக்கம். லைசென்ஸ் வைத்திருக்கும் எவரும் எந்தக் காரில் ஏறினாலும் இந்த ஏழும் கைக்குத் தானாகக் கிடைக்க வேண்டும்.

மற்றதற்குக் கையேடு வேண்டும். டயரில் எவ்வளவு காற்று, எந்த ஆயில், மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன, தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரை போகலாம், தானாக பிரேக் போடும் கருவி எப்போது போடும், எப்போது போடாது, இதெல்லாம் யாருக்கும் தானாகத் தெரியாது. அதைப் படிக்காமல் விடுவது நம் தப்பு. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துச் சொல்பவைதான்.

அம்பாசிடர், மாருதி 800 ஓட்டியவர்கள் யாரும் கையேடு படிக்கவில்லையே. இப்போது மட்டும் ஏன்?

அந்த வண்டிகள் எல்லாம் அடிப்படையில் ஒரே மாதிரி இருந்ததால்தான் படிக்கத் தேவைப்படவில்லை. அந்த ஒற்றுமை சும்மா வந்ததும் இல்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் இடது பெடல் கியருக்கு, நடுப் பெடல் ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. ஆக்சிலரேட்டர், ஸ்டியரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் ஒரு தண்டு. இன்று இருபது வருடம் கார் ஓட்டியவரை அதில் உட்கார வைத்தால் பிரேக் என்று நினைத்து நடுப் பெடலை மிதிப்பார். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்ற இன்றைய வரிசை எல்லா வண்டிக்கும் பொதுவாக ஆனது பிறகுதான்.

ஆட்டோமேடிக் கியரிலும் இதே கதை நடந்தது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில கார்களில் ரிவர்ஸ் கடைசியில், முன்னோக்கிப் போகும் லோ கியருக்கு அடுத்து இருந்தது. முன்னே போக நினைத்துப் பின்னே போனார்கள். முன்செல்லும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்று 1968இல் அங்கே பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. அரசு தலையிட்டு வாங்கிக்கொடுத்த ஒற்றுமை அது. இப்போது தொடுதிரை வந்ததும் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அதைக் கலைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

நம் ஊரில் இண்டிகேட்டர் விஷயத்தில் இந்த ஒற்றுமை முழுதாக வந்ததே இல்லை. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவில் இண்டிகேட்டர் வலது கையில். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பி.எம்.டபிள்யூவில் இடது கையில். மாறி ஏறுகிறவர் முதல் நாள் திருப்பத்தில் வைப்பரைப் போடுவதை அண்ணா சாலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சில சொகுசுக் கார்களில் வலப்பக்கத் தண்டுதான் கியரே. இண்டிகேட்டர் என்று நினைத்து அதைத் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும்.

எல்லாம் திரையில் இருந்தால் என்ன கெடுதல்? போன் பயன்படுத்துகிறோமே, பழகிவிடாதா?

போனை நின்றுகொண்டு பார்க்கிறோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி இரண்டு நொடியில் 33 மீட்டர் தாண்டிவிடும். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் ஏ.சி.யைக் குறைக்கத் திரையைப் பார்த்தால் அந்த 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம். பொத்தான் என்றால் விரல் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கும். வழவழவென்று இருக்கும் கண்ணாடியில் விரலுக்கு எதுவும் தெரியாது, கண்தான் போக வேண்டும்.

2022இல் ஸ்வீடனில் ஒரு கார் இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே ரேடியோ மாற்றுவது, வெப்பநிலை கூட்டுவது, டிரிப் மீட்டரை அழிப்பது போன்ற நான்கு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் கொண்ட 2005ஆம் வருட வால்வோவில் அது 10 நொடியில் முடிந்தது. புதிய திரைக் கார்களில் மிக மெதுவானதற்கு 44.6 நொடி ஆனது. அதற்குள் வண்டி 1.3 கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தது. இதில் முக்கியமான விஷயம், சோதனைக்கு முன் அந்த வண்டிகளைப் பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதாவது கையேடு தெரிந்தவருக்கும் அவ்வளவு நேரம் ஆகிறது. தப்பான இடத்தில் வைத்த பொத்தானைக் கையேடு படித்துச் சரிசெய்ய முடியாது.

ஜெர்மனியில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய் சாலையை விட்டு விலகி மோதினார். 2020இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் அவருக்கு 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. வைப்பரைத் திரைக்குள் வைத்தவருக்கு எதுவும் ஆகவில்லை, ஓட்டியவருக்குத்தான் தண்டனை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை ஓட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் திரைக்கு வெளியே தனிப் பொத்தானோ தண்டோ இல்லாத வண்டிக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப்பும் இதைக் கையில் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கண்ணாடி தெளிய வைக்கும் பொத்தானையும் நம் ஊருக்காகச் சேர்க்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, இன்ஜின் கிளம்பவில்லை. வண்டி ரிப்பேரா?

பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு அமுக்குங்கள். கியர் வண்டி என்றால் கிளட்ச். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

'சாவி இல்லை' என்று திரை சொன்னால் ரிமோட்டில் பேட்டரி போயிருக்கும். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பல வண்டிகள் கிளம்பும். சிலவற்றில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், அதைக் கையேடு சொல்லும். கதவு திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும் இது செத்தால் வண்டி உயிர் பெறாது.

ஓடும்போது ஏதாவது ஆனால், அதே பட்டனை அமுக்கி இன்ஜினை நிறுத்தலாமா?

இதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே படியுங்கள். ஓடும் வண்டியில் அந்தப் பட்டனை ஒரு தடவை தட்டினால் பெரும்பாலான கார்களில் ஒன்றும் நடக்காது. தெரியாமல் கைபட்டு இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சில நொடி விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது வேகமாக மூன்று தடவை தட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கும்.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியகோ அருகே ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350 கட்டுக்கடங்காத வேகத்தில் போய் மோதி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். பொருந்தாத தரைவிரிப்பு ஒன்று ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி, வேகத்துக்குப் பழகியவர். ஆனால் வண்டி அவருடையது இல்லை. சொந்த வண்டி சர்வீஸில் இருந்ததால் டீலர் இரவலாகக் கொடுத்த வண்டி. அந்தக் காரின் பட்டனை மூன்று நொடி அமுக்கிப் பிடித்தால்தான் இன்ஜின் நிற்கும். சாவி இருந்த காலத்தில் எந்த வண்டியிலும் திருகினால் நின்றது.

நியூட்ரலுக்குத் தள்ளுவதும் வேலை செய்யும், முதலில் அதைச் செய்யுங்கள். இன்ஜின் கத்தட்டும், பரவாயில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மின்சாரப் பார்க்கிங் பிரேக் உள்ள பல வண்டிகளில் அந்த ஸ்விட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் ஓடும்போதும் வண்டி நிற்கும்.

ஆட்டோமேடிக் கியர் 'பி'யில், அதாவது பார்க்கில், இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது? எல்லாத் தண்டும் நடுவிலேயே நிற்கிறதே?

தண்டைப் பார்க்காதீர்கள், மீட்டரில் வரும் எழுத்தைப் பாருங்கள். தள்ளினதும் மறுபடி நடுவுக்கே வந்துவிடும் தண்டு ஆபத்தானது என்பது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின் 2016 ஜூனில் தன் வீட்டு வாசலில், தன்னுடைய ஜீப் கிராண்ட் செரோகி உருண்டு வந்து நசுக்கியதில் இறந்தார். வயது 27. அந்த வகைத் தண்டால் ஓட்டுநர்கள் 'பி'யில் போட்டதாக நினைத்து இறங்கிவிடுகிறார்கள் என்று அதற்கு இரண்டு மாதம் முன்பே 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. அந்த வண்டிக்கும் கையேடு இருந்தது.

இறங்கும் முன் பார்க்கிங் பிரேக். எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவில் கை.

நான் கையேடு படித்துவிட்டேன். ஆக்டிங் டிரைவர் வருகிறாரே, அவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் கேட்க வேண்டும் என்பதால் சேர்க்கிறேன். சென்னையில் கார் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆக்டிங் டிரைவரை நம்பித்தான் போகிறார்கள். அவர் காலையில் ஒரு வண்டி, மாலையில் இன்னொரு வண்டி ஓட்டுகிறவர். ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மெயின் ரோட்டில் இருக்க வேண்டும். எந்தக் கையேட்டை அவர் படிப்பார்?

எனக்குத் தெரிந்த புரசைவாக்கத்து டிரைவர் ஒருவர், ஒரு முகூர்த்தத்துக்காக விடியற்காலை மூன்றரைக்கு ஒரு குடும்பத்தைக் காஞ்சிபுரம் அழைத்துப் போனார். புது வண்டி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. லாரியைக் கடக்க விலகினால் கையை எதிர்த்துத் திருப்புகிறது. பயந்துபோய் சுங்குவார்சத்திரத்தில் ஓரம் கட்டி, "சார், ஸ்டியரிங் இழுக்குது, அலைன்மென்ட் போயிருக்கு போல" என்று சொல்லியிருக்கிறார். பின்சீட்டில் இருந்த பெரியவர், "அது அப்படித்தாம்ப்பா இருக்கும், நீ ஓட்டு" என்றாராம். கோடு தாண்டினால் திருப்பிவிடும் கருவி அது. இண்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினால் எதிர்க்காது. இந்த ஒரு வாக்கியத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காஞ்சிபுரம் வரை அவர் அந்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே போயிருக்கிறார், பின்னால் ஐந்து பேர் தூங்கிக்கொண்டு.

வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். எப்படிக் கிளப்புவது, 'பி' எங்கே, பார்க்கிங் பிரேக் எங்கே, இண்டிகேட்டர் எந்தக் கையில், ஹெட்லைட், வைப்பர், கண்ணாடி தெளிய எந்தப் பட்டன், எந்த உதவிக் கருவி ஆனில் இருக்கிறது, அவசரத்தில் இன்ஜினை எப்படி நிறுத்துவது. நான் சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இதை அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, சன் வைசரில் செருகி வைக்கச் சொல்கிறேன். வாலே பார்க்கிங் செய்யும் தம்பிக்கும் அது உதவும்.

ராத்திரி எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள். என் விளக்கு எரிகிறதே?

முன்னால் எரிவது பகல் விளக்காக இருக்கலாம். டி.ஆர்.எல். என்பார்கள். பல வண்டிகளில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. முன்பு விளக்கு போடாவிட்டால் மீட்டரும் இருட்டாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். இப்போது மீட்டரே ஒரு திரை, எப்போதும் வெளிச்சம். அதனால் விளக்கு போட்டுவிட்டோம் என்று மனம் நம்பிவிடுகிறது. ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி இருட்டில், பின்னால் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லாமல் போகும் புது வண்டிகளைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. விளக்குத் திருகியை 'ஆட்டோ'வில் வைத்துவிடுங்கள். மழையில் பகலிலும் கையால் ஹெட்லைட் போடுங்கள், ஆட்டோ அந்த வெளிச்சத்தை பகல் என்றே எடுத்துக்கொள்ளும்.

மழையில் கண்ணாடி மங்குகிறது. ஒரு நாள் ஏ.சி. போட்டால் தெளிகிறது, ஒரு நாள் ஏ.சி. போட்டால் இன்னும் மோசமாகிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு பனி. உள்ளே இருப்பவர்களின் மூச்சாலும் ஈரத் துணியாலும் உள்பக்கம் படிவது ஒன்று. அதற்கு ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைக்க வேண்டும். உள்காற்றே சுற்றும்படி வைத்தால் தெளியாது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி.யில் கண்ணாடி ஜில்லென்று ஆகிவிடுகிறது, வெளிப்பக்கம் பனி படிகிறது, ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரி. அதற்கு வைப்பரை ஒரு தடவை போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து கீழே திருப்ப வேண்டும். விரலால் உள்ளே தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பல கையேடுகளில் இது ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டிக்குள் இருக்கிறது. ஐப்பசி மழையில் இந்தப் பட்டனைத் திரையின் மூன்றாவது பக்கத்தில் தேடுவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

டீசல் வண்டி. தினமும் அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் மட்டும்தான். ஏதோ புகைக்குழாய் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு வருகிறது.

அது டி.பி.எஃப். விளக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நிறைந்ததும் அதைச் சூடாக்கி எரித்துத்தான் காலிசெய்யும். சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு வராது. சில கையேடுகள் 60 கிலோமீட்டருக்கு மேல் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓட்டச் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை மதுரவாயல் பைபாஸிலோ வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். விளக்கைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் செலவு பெரிது. இந்த விஷயத்தை விற்கும்போதே சொல்ல வேண்டும். தினம் ஊருக்குள் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசலே வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தில் வண்டி நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கூடாது. பார்ப்பதற்காகக்கூடக் கூடாது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருந்தால், தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியைக் காப்பாற்றலாம், ஸ்டார்ட் செய்த வண்டிக்கு இன்ஜினே மாற்ற வேண்டி வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர், பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் இருந்தார். வண்டி கீழே தண்ணீரில். மழை விட்டதும், வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க போன் ஆப்பில் இருந்த ரிமோட் ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டார். அந்த வசதி வெயிலில் நிற்கும் வண்டியை முன்கூட்டியே குளிர வைக்க வந்தது. இன்ஜின் போனது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்கவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. பாலிசி எடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண முழுப் பாலிசியில் பெரும்பாலும் அது இருக்காது.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015இலும் 2023இலும் பட்ட அடி அது. அதைப் பார்த்து யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூடவே ஒன்று செய்யுங்கள்: கையேட்டில் வண்டியை இழுக்கும் பக்கத்தைப் படித்து, கொக்கி எங்கே இருக்கிறது, பம்பரில் எந்த மூடியைத் திறந்து திருக வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேடிக்கையும் மின்சாரக் காரையும் சக்கரம் தரையில் உருள இழுக்கவே விடாதீர்கள், மேலே ஏற்றிப் போகும் வண்டிதான் வேண்டும்.

80ஐத் தாண்டினால் பீப் அடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் சட்டப்படி அது இருக்க வேண்டும். 80க்கு மேல் விட்டு விட்டு, 120க்கு மேல் விடாமல். அணைக்கப் பட்டன் கிடையாது. கழற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

தானாக பிரேக் போடும் வசதி சென்னை டிராஃபிக்கில் தொல்லையாக இருக்கிறது. அணைத்துவிடலாமா?

தொல்லை உண்மைதான். பைக் குறுக்கே நுழையும்போதெல்லாம் கத்தும், சில நேரம் சட்டென்று பிரேக்கே போடும். பின்னால் வரும் மாநகரப் பஸ் நம்மை இடித்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பல வண்டிகளில் எச்சரிக்கை எவ்வளவு சீக்கிரம் வர வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். 'தாமதமாக' என்று வைத்துப் பாருங்கள், பிரேக்கை அணைக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் ஒரு விநாடி கண் அயர்ந்தால் அதுதான் காப்பாற்றும்.

கோடு பார்த்துத் திருப்பும் கருவியை மட்டும் ஊருக்குள் நான் அணைக்கச் சொல்வேன். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் பழைய கோடு ஒரு பக்கம், தற்காலிகத் தடுப்பு ஒரு பக்கம். கேமராவுக்கு எது சாலை என்று எப்படித் தெரியும்?

பூஜை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் லோகோவிலோ பம்பரிலோ ரேடார் இருக்கும், கண்ணாடியின் மேல்நடுவில் கேமரா இருக்கும். சந்தனம், குங்குமம் வைப்பதை பானட்டில் வையுங்கள். லோகோவில் அப்பாமல், கேமரா முன்னால் மாலையோ சாமிப் படமோ தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் தாராளமாக வைக்கலாம்.

எச்சரிக்கை விளக்கு இத்தனை இருக்கிறதே, எதை ஞாபகம் வைப்பது?

நிறத்தை. சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டுங்கள். பச்சையும் நீலமும் தகவல்தான். நீலம் எரிந்தால் ஹை பீம் போட்டிருக்கிறீர்கள், எதிரே வருபவருக்காகக் குறையுங்கள். மஞ்சளே விட்டு விட்டு மின்னி இன்ஜின் உதறினால் சிவப்பு போலவே நடத்துங்கள்.

கையேடு நூற்றுக்கணக்கான பக்கம். யாரால் படிக்க முடியும்?

ஒரே மூச்சில் யாரும் படிக்க வேண்டாம். பாதிக்கு மேல் உங்கள் வண்டியில் இல்லாத வசதிகள் பற்றியும் இருக்கும், ஏனென்றால் எல்லா வேரியன்ட்டுக்கும் ஒரே புத்தகம். டெலிவரி அன்று ஷோரூம் பையன் சொல்வதும் மண்டையில் ஏறாது. தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்து, சாக்லேட் கொடுக்கும் நேரத்தில் பதினைந்து நிமிடத்தில் அவர் ஒப்பிப்பார், பாவம், அடுத்த குடும்பம் காத்திருக்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மறுபடி போய் ஒரு மணி நேரம் கேளுங்கள். அப்போதுதான் கேள்விகளே நமக்கு வரும்.

வீட்டில் ஒரு ஞாயிறு, நின்றிருக்கும் வண்டியில் உட்கார்ந்து, அவசரநிலை பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பஞ்சர், பேட்டரி, இழுப்பது, அதிகச் சூடு எல்லாம் அதில்தான். அப்புறம் குழந்தை சீட், ஏர்பேக். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் பின்னோக்கிய குழந்தை சீட்டை வைக்கக் கூடாது என்பது அங்கே படமாகவே இருக்கும். டயர் காற்றின் அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கச் சொல்லாதீர்கள். ஆயில் விஷயத்தில் தெரு மெக்கானிக்கோடு சண்டை வந்தாலும் கையேட்டைக் காட்டுங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 'நம்ம வெயிலுக்கு' என்று 20டபிள்யூ-40 ஊற்றுவது இன்னும் நடக்கிறது.

இன்னொன்று, இப்போது வண்டிக்கே சாஃப்ட்வேர் அப்டேட் வருகிறது. நேற்று இருந்த இடத்தில் இன்று பட்டன் இருக்காது, அச்சடித்த கையேடு பழசாகிவிடும். அப்டேட் வந்த மறுநாள் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் திரையைத் துழாவிவிட்டுக் கிளம்புங்கள்.

கையேடு தமிழில் ஏன் இல்லை?

என் கைக்கு வந்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகள் கோர்த்துத்தான் கார் வெளியே வருகிறது. எல்.எல்.ஆர். தேர்வைத் தமிழில் எழுதலாம். சாலை விதியைத் தமிழில் தெரிந்துகொண்டு லைசென்ஸ் வாங்கலாம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய வண்டியில் 'இதைச் செய்தால் உயிருக்கு ஆபத்து' என்ற எச்சரிக்கை மட்டும் தமிழில் கிடையாது. முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்க்கச் செலவாகும் என்றால், அவசர அத்தியாயத்தை மட்டுமாவது முப்பது பக்கத்தில் கொடுக்கலாம். வாங்கும்போது கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் ஒருவராவது மேலே சொல்வார்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன், கையேடு வரவில்லை. எங்கே கிடைக்கும்?

பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாடல் பெயர் மட்டும் போதாது, தயாரித்த வருடமும் பொருந்த வேண்டும், ஏனென்றால் அதே பெயரில் மூன்று தலைமுறை வண்டிகள் இருக்கும். ஆர்.சி.யில் மாதமும் வருடமும் இருக்கிறது. இறக்கியதை போனிலேயே சேமித்து வையுங்கள், நடுரோட்டில் நிற்கும்போது சிக்னல் இருக்காது. முன்பு வைத்திருந்தவரின் போன் அந்தக் காரின் ஆப்பில் இன்னும் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்து நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டியின் கதவை அவரால் திறக்க முடியும். இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.